நாலு பாட்டுக்கு ஒரு தூக்கு

ஒலிபரப்புக்கு இருபத்தேழு மணி நேரம் இருந்தபோது லீலா அதைக் கண்ணாடியில் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, நீண்ட கைப்பிடி வைத்த கண்ணாடியைப் பின்னால் நீட்டி, தினமும் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தாள். குதிகால், கணுக்கால், முழங்காலின் உட்புறம், இடுப்பு, கடைசியாக உட்காரும் எலும்புகள் இரண்டும். இடப்பக்கம் சுத்தம். வலப்பக்கம் ஒரு மாங்காய் இருந்தது.

மாங்காயேதான். வளைந்த மூக்கு, உருண்ட அடி. பட்டுச்சேலையின் சரிகைக் கரையில் இருக்குமே, அது. சிவப்பு மையில் தொட்டு அச்சுக் குத்தியதுபோல் தோலில் இறங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும். அப்படியென்றால் ரத்தம் ஓடுகிறது, பயமில்லை. இது வெளுக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். அப்போதும் வெளுக்கவில்லை.

வலிக்கவுமில்லை. வலித்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. கடைவீட்டின் பின்பக்கச் சுழல்படியில் துணிக்கூடையோடு சறுக்கி விழுந்த நாளிலிருந்து, ஐந்து வருஷமாக, இடுப்புக்குக் கீழே லீலாவுக்கு எந்த உணர்ச்சியும் கிடையாது. மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் தங்களை அறியாமலே இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருப்பார்கள். உடம்பு உள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருக்கும். லீலாவின் உடம்பு சொல்வதை நிறுத்திவிட்டது. ஆகவே அவள்தான் அதற்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அவளையும் சேர்த்து, அவளைப் போல ஒன்பது பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரி வார்டில் பழக்கமாகி, வீட்டுக்குப் போன பிறகும் விட்டுப்போகாத ஒன்பது பேர். ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவருக்குச் சொல்லி, அதையெல்லாம் விதிகளாக்கி வைத்திருந்தார்கள். குளிக்கிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார். செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடு, உள்ளே கல் இருந்தாலும் உனக்குத் தெரியாது. வெயிலில் நின்ற காரில் துண்டு விரிக்காமல் உட்காராதே. பாவாடை முடிச்சும் ஊக்கும் பின்பக்கம் வரவே கூடாது. தாகம் எடுக்காவிட்டாலும் பார்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இரு.

எல்லாவற்றுக்கும் மேலான விதி லீலா கண்டுபிடித்தது. கால்மணிக்கு ஒரு தரம் சக்கர நாற்காலியின் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கால்மணிக்கு ஒரு தரம் யார் கடிகாரத்தைப் பார்ப்பது? லீலா ரேடியோவை வைத்துக்கொண்டுதான் தையல் வேலை செய்வாள். நாலு பாட்டு முடிந்தால் ஏறக்குறையக் கால்மணி ஆகிவிடுகிறது என்பதை ஒருநாள் கவனித்தாள். நாலு பாட்டுக்கு ஒரு தூக்கு. இருபது எண்ணும் வரை அந்தரத்தில் நிற்பது, பிறகு இறங்குவது. செய்தி வந்தால் ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. 'தூக்குன்னு உரக்கச் சொல்லாதடி, மாத்தா வந்துருவான்' என்று, ஒன்பது பேரில் ஒருத்தியான பூவம்மா போலீஸ்காரர்களைச் சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் அவள்தான் முதலில் அதைப் பிடித்துக்கொண்டாள். புக்கிட் மேராவிலிருந்து சிராங்கூன் வரை, தீவு முழுதும், நாலாவது பாட்டு முடிகிறபோது ஒன்பது நாற்காலிகள் ஒரே சமயத்தில் கிரீச்சிடும் என்று நினைத்தாலே லீலாவுக்குச் சிலிர்க்கும்.

அந்த ஒன்பது பேரில் ஐந்து வருஷமாக ஒரு புண்கூட வராதவள் லீலா ஒருத்திதான். அதனால்தான் வானொலி நிலையத்தார் அவளைக் கேட்டார்கள்.

அறிவிப்பாளர் தனசேகரன் வீட்டுக்கே வந்து பேசினார். ஞாயிறு காலை பத்து மணி. நேரடி ஒலிபரப்பு. அவர் கேள்வி கேட்பார், லீலா பதில் சொல்ல வேண்டும். மக்களுக்குப் பிடித்துவிட்டால் மாதம் ஒரு தடவை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து லீலா கீழே இறங்கவே இல்லை. நாற்காலியில்தான் இருந்தாள், ஆனால் எங்கோ மேலே இருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலாக அவள் அண்ணன் மருதப்பனைப் பார்த்து, 'தங்கச்சிக்குக் காப்பியில சீனி போடலாமா?' என்று கேட்பார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ரேடியோப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அவள் வாயைப் பார்க்கப் போகிறார்கள். பெட்டிக்கு வாய் கிடையாது என்பது வேறு விஷயம். தையல் மெஷினைப் பார்த்து, 'நேயர்களே, வணக்கம்' என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அந்தச் சந்தோஷம்தான் காலை வாரியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எப்போதும் தொளதொளவென்று ஒரு கவுன் போட்டிருப்பவள், தையல் காசில் சிராங்கூன் ரோட்டில் வாங்கிய மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையை எடுத்தாள். கட்டிலில் புரண்டு புரண்டு கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. 'ரேடியோல பேசறதுக்கே பட்டுச்சேலைன்னா, சினிமால கூப்பிட்டா என்ன கட்டுவ?' என்றான் மருதப்பன். ஐந்து மணிக்கு வரவேண்டிய ஆள் ஏழு மணிக்கு வந்தார். வந்தவர் விளக்கு போடப் பிளக் கேட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளக். ரேடியோவைப் பிடுங்கி விளக்கைச் சொருகினார்கள்.

பாட்டு நின்றுவிட்டது. பாட்டு இல்லை, அதனால் தூக்கும் இல்லை. இப்படிப் பார், அப்படிச் சிரி என்று அவர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தவளுக்கு, கனத்த சரிகைக் கரை மடிந்து வலப்பக்கம் அடியில் போனதும் தெரியவில்லை, நேரம் போனதும் தெரியவில்லை. பிறகு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். இரவில் கண்ணாடி பார்ப்பதையும் மறந்து தூங்கிப்போனாள். ஐந்து வருஷத்தில் அவள் கண்ணாடி பார்க்காத இரவு அது ஒன்றுதான்.

விதி என்ன என்பது அவளுக்குத் தெரியும். அதைக் கறாராகச் சொன்னது இராசேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பது வயது, கார் விபத்துக்கு முன் பள்ளிக்கூட ஆசிரியை. ஒன்பது பேருக்கும் அவள்தான் டீச்சர். சிவப்பு மறையவில்லையா, நாற்காலி கிடையாது. மறையும் வரை குப்புறப் படுக்கை. ஒரு வாரமானாலும் சரி, ஒரு மாதமானாலும் சரி. மீறி உட்கார்ந்தால் தோல் கறுக்கும், பிறகு உடையும், பிறகு எலும்பு வரை போகும். அதில் செத்தவர்களை வார்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

ஒரு நாள். இன்னும் ஒரே ஒரு நாள். லீலா கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுக் குப்புறப் புரண்டாள்.

பகல் முழுவதும் அப்படியே கிடந்தாள். படுத்துக்கொண்டு மனப்பாடம் செய்தால் நன்றாக ஏறுகிறது என்று அண்ணனிடம் சொன்னாள். தனசேகரன் எழுதிக் கொடுத்த கேள்வி பதில் தலைமாட்டில் இருந்தது. வயிறு அழுந்த, 'நேயர்களே' என்றால் தவளை கத்துவதுபோல் வந்தது. அதற்கும் சிரிப்பு வந்தது அவளுக்கு. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்குப் பத்து மணி என்று நினைத்தால் நெஞ்சுக்குள் யாரோ பட்டாசுக் கட்டைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. அடிக்கடி கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். மாங்காயின் மூக்கு மங்கிக்கொண்டு வந்தது. அடிப்பகுதி மட்டும் பிடிவாதமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் இராசேஸ்வரி வருகிற நாள். தம்பி காரில் கொண்டுவந்து விடுவார். உன் முதுகு உனக்குத் தெரியாது, கண்ணாடியும் சில சமயம் பொய் சொல்லும், ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை ஒருவர் முதுகை இன்னொருவர் பார்ப்பது வழக்கம். கதவைச் சாத்திவிட்டு, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே பார்ப்பார்கள். அன்று முதலில் லீலாதான் பார்த்தாள். டீச்சருக்கு எல்லாம் சுத்தம்.

"இனி நீர் திரும்பும்," என்றாள் இராசேஸ்வரி.

"காலையிலயே பாத்துட்டேன் டீச்சர். ஒண்ணுமில்ல."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. ஆனால் இராசேஸ்வரி சந்தேகப்படவில்லை. லீலா பார்த்தேன் என்றால் பார்த்ததுதான். ஐந்து வருஷத்து நம்பிக்கை அது.

"அப்ப சரி. உம்மட தோல் எருமைத் தோல் எண்டு தனசேகரனுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நாளைக்கு என்ர மானத்தை வாங்கிப் போடாதேயும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லீலா ஒரு கணம் பிந்திச் சிரித்தாள்.

ஞாயிறு காலை பார்த்தபோது மூக்கு முழுதும் போய்விட்டிருந்தது. அடிப்பகுதி மட்டும் ஐந்து காசு அளவில், கொஞ்சம் கறுத்து, நின்றது. அழுத்தினாள். வெளுக்கவில்லை. ஒரு மணி நேரம்தானே, இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் போயிற்று என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். பருத்திச் சேலை கட்டினாள். பட்டுக்கு என்னவாயிற்று என்று மருதப்பன் கேட்டதற்கு, ரேடியோவில் சேலை தெரியாதென்று நீதானே சொன்னாய் என்றாள். அவன் அப்படிச் சொல்லவில்லை.

மருதப்பன் டாக்சி ஓட்டுகிறவன். லீலாவின் சக்கர நாற்காலியை மடித்துப் பின்பெட்டியில் போட்டு, துணைக்கு வந்திருந்த இராசேஸ்வரியுடையதைக் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டினான். அவர்கள் தெருவான டன்லப் ஸ்திரீட்டே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. எதிர் டீக்கடை அப்துல் கையூம் தன் ரேடியோவைக் கடை முன்னால் ஐந்தடிப் பாதையில் ஸ்டூல் போட்டு வைத்து, சத்தத்தை முழுதும் திருப்பியிருந்தார். இன்றைக்குத் தே தாரிக் குடிக்க வருகிறவர்கள் பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"பயப்படாம பேசு லா, தங்கச்சி. நாங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்."

டாக்சி கிளம்பியது. சிராங்கூன் ரோட்டில் பூக்கடைகள், நகைக்கடைகள், கோயில் மணி, எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடின. எத்தனை மாதமாயிற்று இந்தத் தெருவை முழுதாகப் பார்த்து! பாலஸ்டியர் ரோட்டில் திரும்பியதும் காற்று வேகமாக வந்து முகத்தில் அடித்தது. லீலா பின்சீட்டில் இடக்கையை ஊன்றி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாள். ஏன் இப்படி முறிந்த மரம் மாதிரி இருக்கிறீர் என்று முன்சீட்டிலிருந்து இராசேஸ்வரி கேட்டாள். காற்று வாங்குகிறேன் என்றாள் லீலா.

வழியில் இராசேஸ்வரி பூவம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாள். பூவம்மா மூன்று வாரமாக மறுபடி ஆஸ்பத்திரியில். புண் எலும்பைத் தொட்டுவிட்டது, காய்ச்சல், ஆபரேஷன். அதெல்லாம் லீலாவுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை இப்போது சொன்னாள். வியாழக்கிழமை போய்ப் பார்த்தபோது பூவம்மா அழுதாளாம். சிவப்பை அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே கண்ணாடியில் பார்த்துவிட்டாளாம். பார்த்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஏன் மறைச்சனீர் எண்டு கேட்டன். என்ன சொன்னவ தெரியுமே? 'லீலாவுக்கு வராதது எனக்கு மட்டும் வந்துருச்சுன்னு எப்படிங்க டீச்சர் வாயத் தொறந்து சொல்றது' எண்டு கேக்கிறா. அறிவு கெட்ட மனுசி." இராசேஸ்வரி கோபமாகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கி, இதை முன்பே சொன்னால் லீலா வருத்தப்படுவாள் என்றுதான் சொல்லவில்லை என்றாள். "இண்டைக்கு வார்டில சிஸ்டர் ரேடியோ வைக்கிறாவாம். பூவம்மா கேட்டுக்கொண்டுதான் இருப்பா. நல்லா விளங்கச் சொல்லும்."

லீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாம்சன் ரோட்டு மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

வானொலி நிலையம் மேட்டின்மேல் இருந்தது. மருதப்பன் இரண்டு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே ஐஸ் பெட்டிக்குள் நுழைந்ததுபோல் குளிர். தனசேகரன் வாசலுக்கே வந்து கைகூப்பினார். ரேடியோவில் அவர் குரலைக் கேட்டால் ஆறடி ஆள் என்று தோன்றும். நேரில் லீலாவின் தையல் மெஷின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் கூட. அன்று அவர் அவள் வீட்டுக்கு வந்தபோதே அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்று அதை நினைத்துத்தான் தைரியம் வரவழைத்துக்கொண்டாள். சிறு ஆளுக்குள்ளிருந்தும் அவ்வளவு பெரிய குரல் வரலாம்.

ஒலிப்பதிவு அறையின் கதவு ஒரு சாண் கனம். அது மூடியதும் உலகத்தின் சத்தமெல்லாம் போய்விட்டது. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இராசேஸ்வரியும் மருதப்பனும் இருந்தார்கள். மருதப்பன் காக்கிச் சட்டையின் காலர் பொத்தானைக்கூடப் போட்டிருந்தான். மைக்கைத் தனசேகரன் அவள் வாய்க்கு நேராக இறக்கி வைத்தார். பதில் எழுதிய தாள்களை அவள் மடியில் அடுக்கிக்கொண்டாள்.

சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேயர்களே, வணக்கம்," என்றார் தனசேகரன். அவ்வளவுதான், லீலாவின் பயம் போன இடம் தெரியவில்லை. முதல் கேள்விக்கு அவள் பதில் நூல் அறுந்த மணிபோல் உருண்டு ஓடியது. இரண்டாவது கேள்விக்கு நிதானம் வந்துவிட்டது. கண்ணாடியை எப்படிப் பிடிப்பது, கட்டைவிரலால் எப்படி அழுத்துவது, வெளுத்தால் என்ன, வெளுக்காவிட்டால் என்ன, எல்லாம் சொன்னாள். தண்ணீரை முழங்கையால் பார்ப்பதைச் சொன்னாள். நாலு பாட்டுக்கு ஒரு தூக்கு என்றபோது தனசேகரன் தாளில் இல்லாத ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இனி தாங்கள் பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது போலிருக்கிறதே என்றார். நிறுத்தினால் நாங்கள் பாதியில் தொங்குவோம் ஐயா என்றாள் லீலா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர்கூடச் சிரித்தார். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கையூம் சிரித்திருப்பார். வார்டில் பூவம்மாவும் சிரித்திருப்பாள். தன் குரல் கம்பி இல்லாமல் இந்தத் தீவு முழுதும் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பதை லீலா அப்போதுதான் உண்மையாக உணர்ந்தாள். உச்சந்தலை வரை சூடேறியது. இதைவிடப் பெரிய சந்தோஷம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை.

கடைசித் தாள் மேலே வந்தது.

"லீலா, நேயர்கள் எல்லோரும் கேட்க விரும்பும் கேள்வி இது," என்றார் தனசேகரன். "இந்த ஐந்து ஆண்டுகளில் உங்களுக்கு ஒருமுறையாவது இப்படிப்பட்ட புண் வந்ததுண்டா?"

தாளில் பதில் இருந்தது. 'ஒருமுறைகூட இல்லை ஐயா. கவனமாக இருப்பவர்களுக்கு அது வரவே வராது.' தனசேகரன் எழுதியதில் அவளுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. வீட்டில் அதைச் சொல்லும்போதெல்லாம் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வாள்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கவனமாக இருப்பவர்களுக்கு வராது என்றால், வந்தவர்கள் யார்? வார்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையை மட்டும் ரேடியோப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒருத்தி இதைக் கேட்கப் போகிறாள். அவளோடு இன்னும் யார் யாரோ, எந்தெந்த வீட்டிலோ, தலையணைக்கு அடியில் கண்ணாடியை ஒளித்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே குப்புறப் படுக்கை. மாதம் ஒரு தடவை என்று தனசேகரன் சொன்னதும் இத்தோடு போகலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இராசேஸ்வரி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோவில் மௌனம் என்றால் நெருப்பு பற்றிய மாதிரி. தனசேகரன் புருவங்கள் மேலே போயின. பேசுங்கள் என்று கையால் சுழற்றிக் காட்டினார்.

உள்ளே வந்து உட்கார்ந்து கால்மணிக்கு மேலாகிவிட்டது. இங்கே பாட்டு இல்லை, வெறும் பேச்சுதான். லீலா தாள்களை மேசைமேல் வைத்தாள். இரண்டு கைகளும் தாமாகவே நாற்காலிக் கைகளைப் பற்றின. ஊன்றித் தூக்கினாள். அந்த அமைதியான அறையில் நாற்காலி கிரீச்சென்றது. அந்தச் சத்தமும் தீவு முழுதும் போயிருக்கும். இறங்கிப் பேசலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. அந்தரத்தில் இருந்தபடியே, தோள்கள் நடுங்க, மைக்கைப் பார்த்துச் சொன்னாள். ஏட்டுத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"வந்திருக்குங்க. இப்ப இருக்கு. வலது பக்கம், அஞ்சு காசு அளவுக்கு. நேத்து காலையிலயே கண்ணாடில பாத்தேன். டீச்சர் கேட்டப்பக்கூட ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன். பூவம்மாக்கா, கேக்குறீங்களா? எனக்கும் வந்துருச்சுக்கா."